என்ன டிபன் என்று கேட்டவர்

கொல்கத்தாவில் எனக்குப் பிடிக்காமல் போன விஷயங்கள் நிறைய. புழுக்கம் பிடிக்கவில்லை, கடுகெண்ணெய் வாடை பிடிக்கவில்லை, நான் வைத்த சாம்பாரை வீட்டுக்கார அம்மாள் பருப்பு என்று சொன்னது பிடிக்கவே இல்லை. இவற்றோடெல்லாம் நாளடைவில் சமாதானமாகிவிட்டேன். ஒரே ஒரு மனிதரோடு மட்டும் ஆக முடியவில்லை. அந்த மனிதர் இல்லாவிட்டால் இன்று இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்தால், நான் அவரைத் திட்டப்போகிற திட்டில் அது அடிபட்டுப் போய்விடும்.

பெயர் வேண்டாம். அலுவலகத்தில் எல்லோரும் தாதா என்பார்கள். வங்காளத்தில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவது. எங்கள் திருநெல்வேலியில் தாதா என்றால் ஜீப்பில் வந்து இறங்குகிற ஆள். இவரோ ஒட்டடைக் குச்சி உடம்பும், அண்ணனுடைய சட்டையை வாங்கிப் போட்டதுபோல ஒரு சட்டையுமாக நின்றார். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், என்னைத் தமிழ்ப்பெண் என்று யாரோ சொல்லிவிட, கையில் சமோசாவோடு வந்துவிட்டார். பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. பாதியைப் பிய்த்து நீட்டி, "உப்பு சரியா இருக்கா, பாத்துச் சொல்லுங்க" என்றார். கம்மிதான் என்றேன். ஏதோ தேர்வில் நான் தேறிவிட்டதுபோலத் தலையை ஆட்டிக்கொண்டு போனார். சரியான கிறுக்கு என்று முடிவு கட்டினேன்.

அவரும் தமிழர்தான். பிறந்தது வளர்ந்தது எல்லாம் கொல்கத்தாவை அடுத்த சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸில். தாத்தா காலத்தில் விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். வீட்டில் பேசிப் பழகிய தமிழ். நடுநடுவே இந்தியும் வங்காளமும் ஏறி இறங்கும். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர் என்றாலும் 'நீங்க' என்றுதான் பேசுவார்.

அவருடைய நோய் என்னவென்றால், ஒரு பொருள் இன்ன இடத்தில் இருக்கிறது என்று எழுதி வைத்திருந்தால் நம்ப மாட்டார். இருக்கிறேன் என்று வாயால் சொன்னாலும் முழுசாக நம்ப மாட்டார். எங்கள் அறையில் ஒவ்வொரு இழுப்பறைக்கும் பெயர்ச்சீட்டு ஒட்டியிருந்தது. ஸ்டேப்ளர் வேண்டுமென்றால் அந்த இழுப்பறையைத் திறக்க வேண்டியதுதானே? மாட்டார். நடு அறையில் நின்று, "ஸ்டேப்ளர் இப்போ யார்கிட்ட இருக்கு?" என்று கூவுவார். யாராவது கையைத் தூக்குவார்கள். ஒரு நாள் எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. கண்ணு தெரியலையா, இந்தா ஸ்டேப்ளர்னு எழுதியிருக்கே என்று நானே இழுப்பறையைத் திறந்து காட்டினேன். உள்ளே யாருடையதோ ஒற்றைக் காலுறை இருந்தது. அவர் சிரிக்கக்கூட இல்லை, அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

தேநீர்க் கடையிலும் இதே கூத்துதான். அந்தக் கடைக்காரர் அடுப்பு பற்றவைக்கும் முன்பே டீ இருக்கிறது என்று சொல்கிற ஜாதி. எட்டுப் பேருக்கு வாங்கப் போனாலும் இவர் முதலில் ஒரே ஒரு மண்குவளை டீ கேட்பார். அது கைக்கு வந்து, ஒரு வாய் குடித்த பிறகுதான் மற்றதெல்லாம். பின்னால் நிற்கிற எங்களுக்கு மானம் போகும். கடைக்காரர் கோபித்துக்கொண்டதே இல்லை. இவரைக் கண்டாலே ஒரு குவளையைத் தனியாக எடுத்து வைத்துவிடுவார்.

ஏன் இப்படி என்று ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன். நியாயமாகக் கேட்கவில்லை, குத்தலாகத்தான் கேட்டேன். அவர் நியாயமாகவே பதில் சொன்னார். அவருடைய அப்பா சரக்கு ரயிலில் கார்டு. கடைசிப் பெட்டியில் ஒற்றை ஆளாகப் போகிற உத்தியோகம். வண்டி ஒவ்வொரு ஸ்டேஷனைத் தாண்டும்போதும் அங்கே ஒருவர் பச்சைக்கொடி காட்டி நிற்பார். பதிலுக்கு கார்டும் பச்சைக்கொடி காட்ட வேண்டும். காட்டவில்லையென்றால், வண்டி எவ்வளவு ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தாலும், அடுத்த ஸ்டேஷனில் நிறுத்திப் பார்த்துவிடுவார்கள். ஒருமுறை அவருடைய அப்பாவுக்கு ஓடுகிற வண்டியிலேயே மாரடைப்பு. சுருண்டு விழுந்து கிடந்திருக்கிறார். பதில் கொடி வரவில்லை என்று ஏதோ ஒரு சின்ன ஸ்டேஷனில் யாரோ கவனித்து, வண்டியை நிறுத்தச் சொல்லி, ஆளை எடுத்துக்கொண்டு போய்ப் பிழைக்கவைத்துவிட்டார்கள்.

"அந்த ஆள் யாருன்னு இன்னி வரைக்கும் எங்களுக்குத் தெரியாது. எங்கம்மா பச்சைக்கொடியோட எவன் நின்னாலும் ரெண்டு கையும் கூப்புவா" என்றார். பிறகு என் டப்பாவை எட்டிப் பார்த்து, புளியோதரையில் உப்பு எப்படி என்று கேட்டார்.

இப்போது எங்கள் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பயப்படாதீர்கள், கொஞ்சம்தான். வீட்டுக்கு மளிகை அனுப்பும் செயலி ஒன்றை எங்கள் நிறுவனம் நடத்தியது. நீங்கள் கூடையில் ஒரு பொருளைப் போட்டால் அது உடனே பெரிய தரவுதளத்துக்குப் போய்விடாது. கேஷ் என்று சொல்லும் கைநினைவில் நிற்கும். அடுப்படியில் அஞ்சறைப்பெட்டி வைத்துக்கொள்கிறோம் இல்லையா, அந்தக் கணக்குதான். ஒவ்வொரு சிட்டிகைக்கும் பரணில் ஏறிக்கொண்டிருக்க முடியாது. எங்கள் கேஷ் ஒரே இயந்திரத்தில் இல்லை, கண்டெய்னர் என்கிற பல சின்ன மென்பொருள் பெட்டிகளில் பிரித்து வைத்திருந்தோம். அவை ஒன்றையொன்று கண்டுபிடித்து, யாரிடம் எது இருக்கிறது என்று பேசி வைத்துக்கொண்டு, வெளியே பார்க்கிறவருக்கு ஒரே ஆளாக நிற்க வேண்டும். சிக்கல் என்னவென்றால் கண்டெய்னருக்கு நிலையான விலாசம் கிடையாது. சாகும், பிறக்கும், ஒவ்வொரு பிறவியிலும் வேறு விலாசம்.

எங்களுக்கு முன்னால் இருந்த புண்ணியவான் ஒருவர், அவர் காலத்தில் இருந்த விலாசங்களை அமைப்புக் கோப்பில் எழுதிவைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார். வெகுநாள் அது ஓடியது. துர்கா பூஜைக்கு முந்திய வாரம், ஊரே சாமான் வாங்குகிற சமயத்தில், ஒரு மேம்படுத்தலுக்காக எல்லாக் கண்டெய்னர்களையும் நிறுத்தி எழுப்பினோம். எழுந்த ஒவ்வொன்றும் பழைய விலாசங்களைப் போய்த் தட்டியது. எங்கேயும் ஆள் இல்லை. சரி, குடும்பத்தில் நான் ஒருத்தன்தான் மிச்சம் போலிருக்கிறது என்று ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கடையைத் திறந்துவிட்டது. கல்யாணப் பந்தியில் பரிமாற வந்த எல்லோரும், தான் மட்டும்தான் வந்திருக்கிறோம் என்று நினைத்துச் சாம்பார் வாளியைத் தூக்கினால் எப்படி இருக்கும்? அப்படி ஆனது. கூடையில் போட்ட நெய் ஒரு தரம் தெரியும், அடுத்த தரம் காணாமல் போகும். பெஹாலாவிலிருந்து ஒரு பெரியவர் கூப்பிட்டு, என் நெய் வந்து வந்து போகிறது என்று அழாத குறையாகச் சொன்னார். எங்கள் திரையிலோ எல்லாம் பச்சை. ஒவ்வொரு கண்டெய்னரையும் இருக்கிறாயா என்று கேட்டால், இருக்கிறேன் என்று பளிச்சென்று பதில் சொன்னது.

தாதா மட்டும் அந்தப் பச்சையைப் பார்க்கவே இல்லை. ஒரு கண்டெய்னரிடம் சின்னதாக ஒரு பொருளைக் கொடுத்து வைத்தார். இன்னொன்றிடம் போய் அதைத் திருப்பிக் கேட்டார். அப்படி எதுவும் எங்களிடம் இல்லையே என்றது அது. அவ்வளவுதான், நோய் பிடிபட்டுவிட்டது. எழுதி வைத்த விலாசங்களைத் தூக்கிப் போட்டுவிட்டு, இந்த நிமிஷம் யார் யார் இருக்கிறார்கள் என்று, யாருக்கு எந்த விலாசம் என்று அவ்வப்போது குறித்துவைக்கும் பெயர்ச் சேவையிடம் கேட்டுக் கேட்டுச் சேரும்படி மாற்றினோம். அதிலும் ஒரு முட்டுக்கட்டை வந்தது. அந்தச் சேவை தயாரானவர்களின் பெயரை மட்டும்தான் சொல்லும். மற்றவர்களோடு சேர்ந்தால்தான் ஒரு கண்டெய்னர் தயாராகும். பெயர் தெரிந்தால்தான் சேர முடியும். எல்லாம் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு வாசலிலேயே நின்றன. நாங்கள் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது அவர் ஒரே ஓர் அமைப்பை மாற்றினார்.

"வாடிக்கையாளரை ரெடியா இருக்கறவங்ககிட்ட மட்டும் அனுப்பலாம்" என்றார். "ஆனா தேடறப்போ, முடியாம கெடக்கறவங்களையும் சேத்துத்தான் தேடணும். இல்லன்னா அவங்களை யார் கண்டுபிடிக்கிறது?"

அன்று சாயங்காலத்துக்குள் பெரியவரின் நெய் கூடையிலேயே நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். வேலையில் கெட்டிக்காரர் என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. இப்படித் தேடித் தேடிக் கேட்கிற குணத்தைக் கண்டெய்னரோடு நிறுத்திக்கொள்ளாமல் மனிதர்களிடமும் காட்டியதுதான் என் வயிற்றெரிச்சல்.

எங்கள் குழுவுக்கு ஓர் அரட்டைப் பக்கம் உண்டு. தினமும் காலையில் அதில் வந்து, "யார் யார் இருக்கீங்க?" என்று மூன்று மொழியிலும் கேட்பார். எல்லோரும் பதில் போட வேண்டும். வேலை நாள் மட்டுமல்ல, ஞாயிற்றுக்கிழமை, தீபாவளி, மழை விடுமுறை, எந்த விலக்கும் கிடையாது. இவர் மேலதிகாரிகூட இல்லை. யாரும் இவரை இந்த வேலைக்கு வைக்கவில்லை. சோதனைப் பிரிவில் ஒரு பையன், நான் என்ன பள்ளிக்கூடப் பிள்ளையா என்று முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டான். இவர் மன்னிப்புக் கேட்டார், அதற்குப் பிறகு அவனைக் கேட்கவே இல்லை. ஆனால் தினமும் தண்ணீர் பிடிக்கப் போகிற சாக்கில் அவன் நாற்காலிப் பக்கம் ஒருமுறை நடந்துவிட்டு வருவார்.

எனக்கு அப்படி முகத்துக்கு நேரே சொல்ல வராது. ஆனால் வாய் சும்மா இருக்காது. "இருக்கேன், எங்க போவேன், உசுர வாங்காதீங்க" என்று போடுவேன். "இருக்கேன், இன்னும் சாகல" என்று போடுவேன். எனக்குத் தெரிந்த எல்லா விதத்திலும் சலித்துக்கொண்ட பிறகு, எனக்கே அலுத்துப் போய், ஒருநாள் மதியம் ஒரு சின்ன நிரல் எழுதினேன். அவருடைய கேள்வி வந்தால் கொஞ்சம் நேரம் விட்டு, என் பெயரில் அதுவே பதில் போட்டுவிடும். ஒரு நாள் 'இருக்கேன்', ஒரு நாள் 'வந்தாச்சு', ஒரு நாள் 'ஆஜர்'. அலுவலக இயந்திரம் ஒன்றில் அதை ஓடவிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். என் சாமர்த்தியத்தை எனக்கே மெச்சிக்கொள்ளத் தோன்றியது.

ஆனால் பாருங்கள், சனியன் ஒரு வாசலில் போனால் மறு வாசலில் வருமாம். கிட்டத்தட்ட அதே வாரத்திலிருந்து இன்னொரு தொல்லை தொடங்கியது. மதியம் ஆனால் எனக்கு மட்டும் தனியாக ஒரு செய்தி: "இன்னிக்கு என்ன டிபன்?" பொங்கல் என்றால், உப்பு எப்படி? உப்புமா என்றால், அதில் கறிவேப்பிலை போட்டீங்களா? அலுவலகம் மூடியிருந்த நாளிலும் வரும். என்ன மனுஷன் இவர், அடுத்த வீட்டு அடுப்படியில் என்ன வேலை என்று பொருமுவேன். "எதுக்கு தெனமும் கேக்குதீங்க? ஆக்கிக் கொண்டாரவா?" என்று திருப்பி அடிப்பேன். ஒரு சிரிப்புப் பொம்மை போட்டுவிட்டுப் போய்விடுவார். இதற்கு நிரல் எழுத முடியாது. என்ன டிபன் என்பதற்குத் தினமும் ஒரே பதில் சொன்னால் ஊர் சிரிக்கும்.

அடுத்த வருடம் பூஜைக்கு நான் ஊருக்குப் போகவில்லை. கொல்கத்தாவில் இருந்துகொண்டு ஒரு பூஜைகூடப் பார்க்காமல் போனால் எப்படி என்று ஓர் ஆசை. ஜாதவ்பூரில் ஒரு வீட்டு மாடியில் நாங்கள் மூன்று பெண்கள் தங்கியிருந்தோம். மற்ற இருவரும் அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள். வீட்டுக்காரர்கள் குடும்பத்தோடு புரிக்குப் போனார்கள். பந்தல் பந்தலாகச் சுற்றப் போகிறேன், கூட்டத்தில் போன் எடுக்காது, பயப்படாதே என்று அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தேன். சொன்ன மறுநாள் காய்ச்சல் வந்தது.

டெங்கு என்று எனக்கு எங்கே தெரியும்? மாத்திரையைப் போட்டுப் படுத்தேன். எலும்பை முறுக்கிப் பிழிகிற வலி. அதற்கடுத்த நாள் எழுந்து கதவுவரை போக முடியவில்லை. போன் கட்டிலுக்கடியில் விழுந்து, மின்சாரம் தீர்ந்து கிடந்தது. குனிந்து எடுக்கலாம் என்று தலையைத் தூக்கினால் அறை சுழன்றது. கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. கீழே தெருவில் மேளம் அதிர்ந்துகொண்டே இருந்தது, ஒலிபெருக்கியில் பாட்டு. கத்தினாலும் கேட்காது, கத்துவதற்குத் தெம்பும் இல்லை. இந்த ஊரில் இப்படியே கிடந்து போய்விடுவேன், வீட்டுக்காரர்கள் வந்து கதவைத் தட்டும்போதுதான் தெரியும் என்று தெளிவாகவே நினைத்தேன். அம்மா முகம் ஞாபகம் வந்தது. அழுகையும் வரவில்லை, உடம்பில் அதற்குத் தண்ணீர் இல்லை.

அந்த இரண்டு நாளும் காலையில் அரட்டைப் பக்கத்தில் நான் என்ன சொல்லிக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறீர்கள்? முதல் நாள், 'இருக்கேன்'. மறுநாள், பூஜையின் பெரிய நாளான அஷ்டமி, 'ஆஜர்'. அதற்கு நாலு பேர் பூஜை வாழ்த்து வேறு சொல்லியிருந்தார்கள்.

மிச்சம் எல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. முதல் நாள் மதியம் தாதா கேட்ட டிபன் கேள்விக்குப் பதில் வரவில்லை. கூட்டத்தில் இருப்பேன் என்று விட்டுவிட்டார். அஷ்டமி காலையில் மறுபடி கேட்டார்: என்ன டிபன், புஷ்பாஞ்சலி செய்தாச்சா, எந்தப் பந்தல்? பதில் இல்லை. போன் அணைந்திருந்தது. குழுவில் ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் கேட்டார். எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: காலையில்தானே பதில் போட்டாள், நன்றாகத்தான் இருக்கிறாள், பண்டிகை நாளில் சும்மா இருங்கள் தாதா. அவர் சும்மா இருக்கவில்லை. சாந்த்ராகாச்சியிலிருந்து ரயில் ஏறிவிட்டார்.

அஷ்டமியன்று கொல்கத்தாவுக்குள் நுழைவதென்றால் என்ன என்று அந்த ஊர்க்காரர்களுக்குத்தான் தெரியும். ரயிலை விட்டு இறங்கி ஏறிய பேருந்து பாதி வழிக்கு மேல் நகரவில்லை, இறங்கி நடந்திருக்கிறார். அலுவலகத்தில் எழுதிக் கொடுத்திருந்த என் விலாசத்துக்குப் போனார். அது நான் காலிசெய்து வெகுநாளான வீடு. இரண்டு இடம் மாறிவிட்டேன், மாற்றி எழுதச் சோம்பல். வேறு யாராக இருந்தாலும் அங்கே நின்று யோசித்திருப்பார்கள். இவர் பக்கத்துப் பந்தலுக்குப் போய் ஒலிபெருக்கியைக் கேட்டார். பூஜைக் கூட்டத்தில் தொலைந்த குழந்தைகளுக்காக ஒவ்வொரு பந்தலிலும் ஓர் ஆள் மைக்கோடு உட்கார்ந்திருப்பார். அந்த ஆளிடம் சொல்லி என்னைப் பற்றி அறிவிக்கச் செய்தார். பதில் இல்லை. அடுத்த பந்தல், அதற்கடுத்த பந்தல் என்று தெருத் தெருவாகக் கேட்டுக்கொண்டே வந்திருக்கிறார்.

நான் அரைமயக்கத்தில் கிடந்தேன். மேளம் நின்றது. பாட்டு நின்றது. ஒலிபெருக்கியில் ஒரு குரல் வங்காளத்தில் சொன்னது எனக்குத் துண்டு துண்டாகக் கேட்டது. கண்ணாடி போட்ட மதராஸிப் பெண், கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, எந்த வீட்டில் குடியிருக்கிறாள் என்று தெரிந்தவர்கள் பந்தலுக்கு வரவும். கொஞ்சம் நிறுத்தி, யாரோ காதில் சொல்லிக் கொடுத்ததுபோல, இன்னொன்றும் சேர்த்தது: ரொம்பச் சண்டை போடுவாள்.

அந்தக் காய்ச்சலிலும் எனக்குக் கோபம் வந்தது, பொய் சொல்லவில்லை. அதற்குப் பின்தான் அது என்னைத்தான் என்று உறைத்தது. நான் இங்கே இருக்கேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. தினமும் என் சார்பில் இருக்கேன், இருக்கேன் என்று ஓர் இயந்திரம் சொல்லிக்கொண்டிருந்தது. நிஜமாகவே கேட்கிறபோது என்னால் சொல்ல முடியவில்லை.

சண்டைக்காரி என்ற அடையாளம்தான் வேலை செய்தது. எங்கள் தெருமுனையில் தேங்காய் விற்கிற அம்மாள், தினமும் தேங்காயைக் காதில் வைத்துத் தட்டிப் பார்த்து விலைக்குச் சண்டை பிடிக்கிறவள் இவள்தான், இரண்டு நாளாய்க் காணோம் என்று கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். படியில் பல காலடிச் சத்தம். கதவைத் தட்டினார்கள், வங்காளத்தில் கூப்பிட்டார்கள். பிறகு அவர் குரல் மட்டும் கேட்டது. என்னை ஒருநாளும் 'நீ' என்று சொல்லாத மனிதர் அன்றுதான் சொன்னார்.

"இருக்கியான்னு கேக்கல. கைக்கு எட்றது எதையாவது கீழ தள்ளு."

முக்காலியில் எவர்சில்வர் டம்ளர் இருந்தது. விரலால் நகர்த்தி நகர்த்தித் தள்ளினேன். அது விழுந்து உருண்ட சத்தம் அடங்குமுன் கதவின் தாழ்ப்பாள் பெயர்ந்து விழுந்தது.

ஆஸ்பத்திரியில், இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் நாங்கள் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் அம்மாவிடம் சொன்னாராம். அம்மா விமானத்தில் வந்து இறங்கியதிலிருந்து அவரைப் பார்க்கும்போதெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு உட்கார முடிந்த முதல் நாள், போனைத் திறந்து அரட்டைப் பக்கத்தைப் பார்த்தேன். நான் ரத்தத்தில் தட்டணு இறங்கிக் கிடந்த ஒவ்வொரு காலையிலும் என் பெயர் உற்சாகமாக ஆஜர் சொல்லியிருந்தது. தாதா பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். இது நானில்லை என்று எப்போது தெரியும் என்று கேட்டேன்.

"மொத நாளே தெரியும்" என்றார். "நீங்க திட்டாம ஒருநாளாவது பதில் சொன்னதுண்டா?"

அப்புறம் ஏன் நிறுத்தச் சொல்லவில்லை என்றேன். பிடிக்காமல்தானே ஒருத்தர் இவ்வளவு மெனக்கெடுகிறார், அதைப் போய் எப்படி நிறுத்தச் சொல்வது என்றார். கொஞ்சம் கூச்சத்தோடு சுளையை நீட்டி, "அதான் டிபன் கேக்க ஆரம்பிச்சேன். அதுக்கு நீங்களேதான் திட்டணும்" என்றார்.

இத்தனை மாதமாக அடுத்த வீட்டு அடுப்படியை எட்டிப் பார்க்கிற மனிதர் என்று நான் நினைத்தது இதைத்தான். உப்பும் கறிவேப்பிலையும் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. நான் அன்றைக்கு அழுதேன். அவர் பயந்துபோய் நர்ஸைக் கூப்பிட்டார். ஆரஞ்சு புளிக்குது, அதான் என்று சொல்லிச் சமாளித்தேன். அந்த நிரலைப் பற்றி அவர் அலுவலகத்தில் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. நான் போய் முதல் வேலையாக அதை அழித்தேன்.

நான் சென்னைக்கு வந்து சில வருடங்கள் ஆகின்றன. அந்த நிறுவனமும் இப்போது இல்லை, ஆளுக்கொரு திசை. டிபன் கேள்வி மட்டும் நிற்கவில்லை. ஒரே ஒரு மாற்றம், இப்போது முதலில் கேட்பது நான். தொல்லை பிடிச்ச மனுஷரே, இன்னிக்கு என்ன டிபன் என்று போடுவேன். வங்காளப் பூரியான லூச்சி என்பார், அம்மா கை இட்லி என்பார், எதுவானாலும் உப்பு ஜாஸ்தி அல்லது உப்பு கம்மி என்று ஒரு குறை கட்டாயம் வரும். உப்பு சரியாக இருந்த சாப்பாட்டை அவர் ஆயுசில் சாப்பிட்டதே இல்லை.

போன வாரம் கேட்டதற்கு, 'இருக்கேன்' என்று பதில் வந்தது. டிபன் பெயர் இல்லை, உப்பு இல்லை. மறுநாளும் அதே. போன் செய்தேன். எடுத்தார். நன்றாகத்தான் இருப்பதாகச் சொன்னார், என் அம்மாவை விசாரித்தார், அவ்வளவு மரியாதையாகப் பேசினார். ஒரு குறைகூடச் சொல்லவில்லை. நான் வைத்துவிட்டு ரயிலுக்கு டிக்கெட் போட்டேன். ரெண்டு வார்த்தைக்கா இவ்வளவு தூரம் என்று வீட்டில் கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

இதை ரயிலில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். அப்பா ஓய்வு பெற்று அவர்கள் குவார்ட்டர்ஸைக் காலிசெய்துவிட்டார்கள் என்பது வரைதான் தெரியும். புது வீட்டு விலாசம் என்னிடம் இல்லை. கேட்டால் வர வேண்டாம் என்பார், அதனால் கேட்கவில்லை. சாந்த்ராகாச்சியில் இறங்கி, தமிழ் கார்டு வீட்டுப் பிள்ளை, ஒல்லியாக இருப்பார், எதிலும் உப்பைக் குறை சொல்வார் என்று நாலு பேரைக் கேட்டால் ஒருவராவது சொல்லாமலா போவார்கள்? கொஞ்சம் முன்னால் ஏதோ ஒரு சின்ன ஸ்டேஷனை வண்டி நிற்காமல் தாண்டியது. பெயரைப் படிக்க முடியவில்லை. பிளாட்பாரத்தில் ஒருவர் பச்சைக்கொடியை நீட்டிப் பிடித்து, வண்டியின் கடைசிப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் ரெண்டு கையையும் கூப்பினேன். எதிர் இருக்கைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், பார்க்கட்டும்.

மடியில் டப்பா இருக்கிறது. இட்லியும் மிளகாய்ப்பொடியும். பொடியில் வேண்டுமென்றே உப்பைக் கொஞ்சம் தூக்கலாகப் போட்டிருக்கிறேன். முதலில் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு அவர் என்ன சொல்கிறார் என்று பார்க்க வேண்டும்.